தம்பியின் இலையில் ஸ்பகெட்டி

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் படையல் போடுவோம். காலமானவர்கள் அன்றைக்கு வீடு தேடி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. நம்பிக்கை அம்மாவுடையது, வேலை என்னுடையது. அவரவர் படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, கற்பூரம் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். சாப்பிடுகிற ஆளை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது நாகரிகம் இல்லை என்பார் அம்மா. கால் மணி நேரம் கழித்து மூன்று தடவை கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறப்போம். இலையிலிருந்து முதல் வாய் அம்மா எடுப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு.

அப்பா இருந்தவரை லோரி ஓட்டினார். அவருடைய இலையில் ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், ஒரு பெட்டி சிகரெட். பத்து வருடமாக இதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் தம்பியின் இலையில்தான் வந்தது.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனவன், அங்கேயே கத்தி பிடிக்கக் கற்று, இத்தாலியச் சமையலில் தேறி, துபாய்க்குப் போய்விட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், திட்டுவதற்கு அக்கா ஒருத்தி போதும் என்பான். கோவிட் வந்து, இங்கே எம்.சி.ஓ. என்று ஊரடங்கு போட்டு, விமானமெல்லாம் நின்றுபோயிருந்த மாதங்களில், அங்கே தன் அறையில் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கூட வேலை செய்தவர்களே காரியம் செய்தார்கள். எட்டு மாதம் கழித்து அஸ்தி மட்டும் வந்தது. அதைக் கடலில் கரைத்தோம்.

அவன் போய் வருடம் முடிந்து வந்த முதல் படையலில் அவனுக்கும் ஓர் இலை போட்டோம். அப்பாவின் இலையில் இருந்ததே அவன் இலையிலும் இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போனதும் அம்மா அப்பாவின் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்தார். தம்பியின் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அப்படியே மடித்து, பின்பக்கம் கொண்டுபோய்க் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தார். "அவன் வரல" என்றார். அடுத்த வருடமும் அதே கதை. எப்படித் தெரியும் என்று கேட்டால், பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் இருபது வருடமாகப் பத்திரம் சரிபார்க்கிறவள். முத்திரை இல்லாத காகிதத்தைத் திருப்பி அனுப்பியே பழகியவள். வரவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு முதல் வருடம் அம்மாவிடம் சண்டையே போட்டேன். தீபாவளி அதுவுமாக அழுகிற தாயோடு மல்லுக்கு நின்றவள் என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். சொல்லட்டும். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்த இரண்டு தீபாவளியும் அம்மா எதையோ கொறித்தாரே தவிர உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மூன்றாம் வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தோம். நான் அச்சைப் பிழிய, அம்மா எண்ணெயிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவன் சமைச்சத நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. அதான் வர மாட்றான்."

அது உண்மை. துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் தீபாவளிக்கு மறுநாள் சமையல் தம்பியுடையது. எல்லாரும் ஆட்டுக்கறி தின்று அலுத்துப்போய் இருக்கும் நாள் அது. முழு சியாக்காப் மீனை ஓவனில் வைத்துச் சுடுவான். பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு ஸ்பகெட்டி செய்வான். நுரை பொங்குகிற வைன் ஒன்றை எங்கேயோ வாங்கி ஒளித்து வைத்திருந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு கொண்டுவந்து டப்பென்று திறப்பான். ஒரு தடவை அதன் தக்கை மின்விசிறியில் பட்டு என் வீட்டுக்காரரின் தட்டில் வந்து விழுந்தது. நாங்கள் எல்லாரும் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்போம். அம்மா மட்டும் தட்டில் கொஞ்சம் வாங்கி, இந்தப் பக்கம் நகர்த்தி, அந்தப் பக்கம் நகர்த்தி, "நல்லா இருக்கு தம்பி" என்பார். பிறகு எல்லாரும் எழுந்து போனதும் சமையலறையில் போய், பழைய ரசத்தை ஊற்றி, கருவாட்டைக் கடித்துக்கொண்டு சோறு சாப்பிடுவார்.

ஒரு தடவை தண்ணீர் குடிக்கப் போன தம்பி இதைப் பார்த்துவிட்டான். நானும் அவன் பின்னால்தான் நின்றேன். அம்மாவின் கை தட்டிலேயே நின்றுபோனது. அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தான். அம்மா ஒரு உருண்டை ஊட்டினார். நான் இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அம்மாவுக்கு அது வேடிக்கையாக இல்லை என்பது அன்றைக்கு முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் புரிந்தது.

யோசிக்காமல் சொன்னேன், இந்த வருடம் அவன் இலைக்கு அவன் சாப்பாடு, நான் செய்கிறேன் என்று. அம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. ஆனால் பார்வையிலேயே அது இருந்தது. நியாயம்தான். தம்பி சமைக்கும்போதெல்லாம் பூண்டு நறுக்குவது மட்டும்தான் என் இலாகா. பூண்டு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். மற்றதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததுதான்.

அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். மீனைத் தன் கையால்தான் கழுவ வேண்டும். படையல் முடிவதற்குள் யாரும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் நிபந்தனையைக் கேட்டுச் சிரித்தேன். இரண்டாவதைக் கேட்டபோது அதில் இருக்கும் ஆபத்து எனக்கு உறைக்கவில்லை.

வைன் வாங்கக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் போனேன். கிள்ளானிலேயே கிடைக்கும்தான், ஆனால் தெரிந்த முகம் ஒன்று என்னைப் போத்தலும் கையுமாகப் பார்த்து, அது அம்மா காதுக்கு வேறு விதமாக வந்து சேரும். பிரிக்பீல்ட்ஸ் கடையில் வயதான அங்கிள் ஒருவர், யாருக்கு என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். என்ன விசேஷம் என்றார். வீட்டுக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அவர் பச்சைப் போத்தல் ஒன்றை எடுத்துத் துடைத்து, நன்றாகக் குளிர வைக்கச் சொன்னார். தக்கையைக் கட்டியிருக்கும் கம்பியைக் கழற்றிய பிறகு முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கிள்ளான் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பையில் போத்தல் ஆடிக்கொண்டே வந்தது.

படையல் அன்று காலையில் பாசாரில் மீன். வழக்கமாக நான் வாங்குகிற சீன அங்கிள் பெரிய சியாக்காப் ஒன்றைத் தூக்கிக் காட்டி, ஸ்டீம் செய்யவா என்று கேட்டார். ஓவனில் வைக்கப் போகிறேன் என்றதும் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கீறல் போட்டுக் கொடுத்தார். பார்ஸ்லி என்கிற கீரையைத் தம்பி ஒருபோதும் தேட மாட்டான். டாவுன் சூப் போதும், வாசனை வந்துவிடும் என்பான். நம் ஊர் சூப்பில் தூவுகிற அதே கீரை. அதில் ஒரு கட்டு வாங்கினேன். அதை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருந்ததில் எனக்கே ஒரு பெருமை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். அம்மா மீனைக் கழுவினார் என்பதைவிடக் குளிப்பாட்டினார் என்று சொல்ல வேண்டும். உப்புப் போட்டுத் தேய்த்தார், புளித்தண்ணீரில் ஊற வைத்தார், மஞ்சள் பூசினார், மறுபடியும் உப்பு. கவிச்சி அடிக்கக் கூடாதாம். வெள்ளை வெளேரென்று இருந்த மீன் கல்யாணப் பெண் மாதிரி மஞ்சளாக என் கைக்கு வந்தது. தம்பி பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பான். அம்மா உப்புப் போட்டது கழுவுவதற்கு என்று நினைத்துக்கொண்டு, நான் சமைப்பதற்கான உப்பைத் தனியாகப் போட்டேன். எலுமிச்சை பிழிந்து, பூண்டு செருகி, ஓவனில் தள்ளினேன்.

ஸ்பகெட்டி வேகிற தண்ணீரில் கடல் தண்ணீர் மாதிரி உப்பு இருக்க வேண்டும் என்று தம்பி சொல்வான். நான் பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்தில் இருப்பவள். கை நிறைய அள்ளிப் போட்டேன். வெந்துவிட்டதா என்று பார்க்க அவன் ஒரு இழையை எடுத்துக் கடிப்பான். எனக்கு அதற்குத் தடை. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், விரலால் நசுக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வேகாமல் போய்விடுமோ என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன். பிறகு அம்மா சட்டிக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்து, உப்புப் பத்தவில்லை என்றார். சாம்பாரோ மீன் குழம்போ, வாசனையிலேயே உப்புச் சொல்கிற மூக்கு அது. இத்தனை வருடத்தில் தப்பியதே இல்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் போட்டேன். நான் டாவுன் சூப்பை நறுக்கத் திரும்பியபோது அம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் உருவிப் போட்டிருக்கிறார். இது எதற்கு என்றேன்.

"நானும் அவனுக்கு ஏதாச்சும் செய்யணும்ல" என்றார்.

நான் கறிவேப்பிலையை எடுக்கவில்லை. அவரோடு இத்தனை மணி நேரம் ஒரே அடுப்படியில் சண்டை இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

கடைசியில் வைன் வந்து நின்றது. படையலில் வைக்கிற போத்தலைத் திறந்துதான் வைக்க வேண்டும். மூடியோடு வைத்தால் அவர்கள் எப்படிக் குடிப்பார்கள் என்பது அம்மாவின் கேள்வி. அப்பாவின் ஸ்டவுட்டை அம்மாவே திறந்து வைத்துவிட்டார். வைனைத் திறக்க எனக்குப் பயம். என் வீட்டுக்காரரோ, தக்கை தன் தட்டில் விழுந்த நாளிலிருந்து அந்த ஜாதிப் போத்தலோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிட்டார். அதோடு, திறந்து வைத்தால் நுரையெல்லாம் அடங்கிப்போய்விடும். நுரை போன வைனைத் தம்பி தொட மாட்டான். ஆகவே மேலே இருந்த தாளைக் கிழித்து, தக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பியை மட்டும் கழற்றி, போத்தலைக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தேன். அவனுக்குத் தெரியாததா, மிச்சத்தை அவனே திறந்துகொள்வான் என்று அம்மாவிடம் சொன்னேன். சமாளிப்பதற்காகச் சொன்னதுதான்.

இலை போட்டோம். அப்பாவின் இலை எப்போதும் போல இருந்தது. தம்பியின் இலையில் மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பகெட்டி சரிந்து எல்லாப் பக்கமும் ஓடப் பார்த்தது. அம்மா அதைக் கையால் குவித்துக் குவித்து வைத்தார். படத்தில் தம்பி வெள்ளைச் சமையல் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் வந்து நின்றோம். நான், அம்மா, என் வீட்டுக்காரர், மூன்று பேர்தான்.

பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடிக்கத் தொடங்கியிருந்தது. மழை வரலாம் போல இருந்தது. அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடமும் அந்த இலையை மடித்துவிடுவாரோ என்று பயந்தேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வந்துவிடு தம்பி, வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது வீட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் பட்டாசு என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது, அது உள்ளே இருந்து வந்த சத்தம் என்று. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ, எனக்கு வலித்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு நொடிதான். ஆடி ஆடி வந்த போத்தல், விளக்குச் சூடு, கழற்றிய கம்பி எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்துவிட்டன. இருபது வருடப் பழக்கம், என்ன செய்வது.

கால் மணி நேரம் ஆகட்டும் என்றேன். அம்மா கேட்கவில்லை. மூன்று தடவை கையைத் தட்டினார்.

"தம்பி, அம்மா உள்ள வரேன்" என்றார்.

உள்ளே நுரை வழிந்து இலையெல்லாம் நனைந்திருந்தது. மீனின் மேல், ஸ்பகெட்டியின் மேல், எல்லாவற்றிலும் வைன். தக்கை எங்கே போனது என்றே தெரியவில்லை. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யான ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சும்மா இருக்க முடியாது. கம்பியைக் கழற்றியது நான்தான், சூட்டில் தானாகத் திறந்திருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே.

அம்மா என்னைப் பார்த்தது கோபமாக இல்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது.

"உங்கப்பா போத்தல நான்தான் வருஷா வருஷம் தொறந்து வெக்கிறேன். அதுக்காக அவர் வரலன்னு ஆயிடுமா?"

 

அம்மா தரையில் உட்கார்ந்தார். அப்பாவின் இலையைத் தாண்டி, தம்பியின் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் முள்கரண்டி கொண்டுவந்து நீட்டினார். அம்மா வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். ஸ்பகெட்டியை விரலால் சுருட்டி, மீனைப் பிய்த்து அதன் மேல் வைத்து, ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். நானும் இலையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டேன்.

உப்பென்றால் உப்பு, அப்படி ஓர் உப்பு. மீன் கருவாட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. ஸ்பகெட்டி குழைந்து கஞ்சியாகிவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. வேண்டாம்மா, ரொம்ப உப்பாக இருக்கிறது, வைத்துவிடுங்கள் என்றேன். அம்மா காதில் வாங்கவில்லை. தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கவில்லை. மூன்று வருடத்தில் அவர் உட்கார்ந்து, வயிறார ஒரு தீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதி இலை தீர்ந்த பிறகு நிமிர்ந்தார்.

"அவன் செஞ்சதும் இப்படித்தான் இருக்குமா?"

என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அத்தனை தடவை அந்த மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவருக்கு அதன் ருசி தெரியாது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால், பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்று அவர் தேறியிருப்பார். ஆனால் பக்கத்தில் படத்தில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கைப்பக்குவத்தை இந்தக் கஞ்சியோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா. அவன் செஞ்சா ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன்.

அம்மா இலையில் சரிந்து கிடந்த ஸ்பகெட்டியை மறுபடியும் கையால் குவித்தார்.

"எனக்குக் கொடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டு, மீதி இருந்ததையும் சாப்பிடத் தொடங்கினார்.